கட்டியக்காரனுக்குச் சம்பளம்



போன மாதம் பண்டார் பாருவிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருந்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய கையெழுத்து. மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்கள், வேலைக்கும் போய் வருகிறான். ஆனால் மனசு அங்கே இல்லை. மேடையேறி ஆட்களைச் சிரிக்க வைக்க வேண்டுமாம். மல்யுத்த வளையத்துக்குள் இறங்கிச் சண்டையும் போட வேண்டுமாம். இரண்டையும் சேர்த்துத் தொழிலாகவே செய்யப் போகிறானாம். ‘கோமாளித்தனம் பண்ணி யாருங்கையா சோறு தின்னிருக்கா? உங்க பத்திரிகையை அவன் விடாம படிப்பான். நாலு வார்த்தை புத்தி சொல்லி எழுதுங்க’ என்று முடித்திருந்தார்.

புத்தி சொல்லலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்கு முன் பையனை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். கிரியான் ஆற்றுக்கு இக்கரையில் பண்டார் பாரு, அக்கரையில் பாரிட் புந்தார். கெடா, பினாங்கு, பேரா மூன்றும் வந்து முட்டிக்கொள்ளும் மூலை அது. நான் சிறுவனாக இருந்தபோது பால்மரமாக இருந்த காடெல்லாம் இப்போது செம்பனை.

அன்றைக்குத் தோட்டத் திடலில் எழுவர் காற்பந்துப் போட்டி. கூடாரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் ஏறி நின்று, கையில் மைக்கோடு பேசிக்கொண்டிருந்தான் பையன். ஒல்லியான உடம்பு, இரண்டு முழங்கையிலும் காய்ந்த சிராய்ப்பு. ஒருவன் ஓங்கி உதைத்த பந்து கோலுக்கு மேலே பறந்து செம்பனைக் காட்டுக்குள் போய் விழுந்தது. தேடப் போனவர்கள் வரவில்லை. ஆட்டம் நின்று கூட்டம் சலசலக்கத் தொடங்கியது. அவன் மைக்கை வாயருகே கொண்டுபோய், காலையில் கிராணி ஆட்களின் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் கூப்பிடுகிற தோரணையில், “கிராணி ஐயா, பந்து காட்டுக்கு வேலைக்குப் போயிருக்கு. பேர் போட்டுக்குங்க, அதுக்கும் இன்னைக்கு ஒரு நாள் சம்பளம் உண்டு!” என்றான்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த மூதாட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேர் போடுவது என்றால் என்ன, பேர் விழாத நாள் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள். முப்பது நாற்பது வருடம் காலை இருட்டில் பெரட்டுக்கு நின்றவர்களை ஒரே வாக்கியத்தில் சிரிக்க வைத்துவிட்டான், பெரட்டையே பார்த்திராத இந்தப் பையன். தன் பாட்டியிடம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு கைகலப்பு வரப் பார்த்தது. இரண்டு ஆட்டக்காரர்கள் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே இருந்து நாலு பேர் உள்ளே ஓடினார்கள். தோட்டத்துப் பந்து விளையாட்டில் இது எங்கே போய் முடியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பையன் குரலைத் தாழ்த்தி, “ரெண்டு பேரும் ஒரே ஆயாக்கொட்டகையில ஒரே தொட்டில்ல தூங்குனவங்க. அப்ப யாரு யாரை நனைச்சாங்கங்கிற பிரச்சினையை இப்ப பேச வேணாம்” என்றான். முட்டிக்கொண்டு நின்றவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு சரி, நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்ட ஆட்டம் தொடர்ந்தது. காவல்துறை செய்ய வேண்டிய வேலையை ஒரு மைக் செய்து முடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த நிமிடத்தில் எனக்குக் கூத்துக் கட்டியக்காரன் நினைவுக்கு வந்தான். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், திருச்சி என்று பல சீமைகளிலிருந்து இந்தத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்கள் கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். காமன் பண்டிகை நடந்த தோட்டங்கள் இங்கே எத்தனையோ உண்டு. கூத்தில் ராஜாவை அறிவிப்பவன் கட்டியக்காரன். ராஜா வந்ததும் அவரையே கேள்வி கேட்டு மடக்குவான், வேடம் மாற்ற நேரமாகும்போது கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பான், தூங்கி வழிகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவான். ராஜா வேடம் கட்டியவருக்குத் தொண்டை கட்டினால்கூடக் கூத்து நடந்துவிடும். கட்டியக்காரன் இல்லையென்றால் விடியும்வரை யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இன்று அமெரிக்க மல்யுத்த மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு வீரர்களை அறிவிப்பவரும், ஐ.பி.எல். ஆட்டத்துக்கு நடுவே தமிழில் கலகலப்பாகப் பேசுபவரும் அவன் வாரிசுகள்தான். வானொலி அறிவிப்பாளராகத் தொடங்கிய ஆர்.ஜே. பாலாஜி சினிமாவில் நகைச்சுவை நடிகரானார், தமிழில் கிரிக்கெட் வருணனை செய்தார், 2019-ல் ‘எல்.கே.ஜி.’ படத்தில் கதாநாயகன் ஆனார், 2020-ல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தை இன்னொருவரோடு சேர்ந்து இயக்கினார். சிரிப்பும் விளையாட்டும் ஒரே வாயில் சேர்ந்தால் பிழைப்பு உண்டா என்று கேட்ட தாய்க்கு இது ஒரு பதில்.

இன்னொரு பதில் நம் மண்ணிலேயே, எழுபது எண்பது வருடத்துக்கு முன்பே இருக்கிறது. பஞ்சாபிலிருந்து 1947-ல் சிங்கப்பூருக்கு வந்த ஓர் இளைஞன் டிரம் செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் ஹர்னாம் சிங் என்பவரிடம் மல்யுத்தம் கற்றான். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலேசிய சாம்பியன் என்று பெயர் வாங்கினான். அவர்தான் தாரா சிங். ஊர் திரும்பியபின் சினிமாவில் கதாநாயகன் ஆனார். 1987-ல் தொலைக்காட்சி ‘ராமாயண’த்தில் அனுமனாக வந்து வீட்டுக்கு வீடு கும்பிடப்பட்டார். 2003-ல் இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவரோடு மோதிய கிங் காங் என்ற எமில் சாயா, நாம் கண்ணால் பார்க்காவிட்டாலும் நம் தாத்தாக்கள் வாயால் கேட்டு வளர்ந்த மலை போன்ற மனிதர். ‘கிங் காங் மாதிரி இருக்கான்’ என்று இன்றைக்கும் தோட்டத்தில் சொல்கிறார்களே, குரங்குப் படத்தோடு இவரும் சேர்ந்துதான் அந்தப் பேச்சில் இருக்கிறார். தாரா சிங்கும் ஆலைத் தொழிலாளியாகத்தான் தொடங்கினார் என்பதை அந்தத் தாய் கவனிக்க வேண்டும்.

என் பிள்ளைப் பிராயத்தில் பாரிட் புந்தாரிலிருந்து வாடகைக்கு எடுத்துவரும் வீடியோ டேப்பில் அமெரிக்க மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனைப் பார்த்தோம். லயத்து வாசலில் இருபது பேர் கூடியிருப்போம். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம்டா, போதும் விடச் சொல்லுடா” என்பாள். அதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம் என்று பெரியண்ணன் ஒரு நாள் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஆட்டங்களை நடத்திய நிறுவனமே 1989-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில், நாங்கள் நடத்துவது போட்டி விளையாட்டல்ல, பொழுதுபோக்கு என்று ஒத்துக்கொண்டது. விளையாட்டுக் கேளிக்கை என்று ஒரு தனித் தொழில் வெளிப்படையாக நிலைபெற்றது அந்தக் காலத்தில்தான். ஆனால் பேசி வைத்த ஆட்டம் என்றால் வலிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. முடிவை மட்டும்தான் பேசி வைக்க முடியும். விழுவதை உடம்புதான் செய்ய வேண்டும்.

இடைவேளையில் பையனும் அவன் கூட்டாளியும் புல் தரையில் இரண்டு பழைய மெத்தையைப் போட்டு ஒரு மல்யுத்தம் காட்டினார்கள். இவன்தான் ஒவ்வொரு தடவையும் தோற்றான். மீசையை முறுக்கிக்கொண்டு வருவான், சவடால் பேசுவான், அடுத்த நொடியே மல்லாக்க விழுவான். விழும் ஓசை மட்டும் இடி மாதிரி கேட்டது. ஆட்டம் முடிந்தபின் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன்.

“முதல்ல விழத்தான் சார் பழகணும்” என்றான். “தாடையை நெஞ்சோட ஒட்டிக்கணும். இல்லன்னா பின்மண்டை போய் இடிக்கும். முதுகு பூரா ஒரே சமயத்துல தரையில படணும், ஒரு இடத்துல மட்டும் பட்டா அங்க போயிரும். விழும்போதே மூச்சை விட்டுரணும். ரெண்டு கையையும் பக்கத்துல ஓங்கி அறைஞ்சிரணும். உங்களுக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான்.”

சொல்லிக்கொண்டே எழுந்து நின்று, எனக்காக ஒரு தடவை விழுந்து காட்டினான். தாடை மடங்குவதைப் பார்த்தேன். கைகள் இரண்டும் தரையை அறைந்து மேலெழும்புவதைப் பார்த்தேன். எழுந்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. எங்கே கற்றாய் தம்பி என்று கேட்டேன். “கைப்பேசியில பார்த்துத்தான் சார்” என்றான். எனக்குப் பகீரென்றது.

அவனுக்குச் சொன்ன ஒரு கதையை உங்களுக்கும் சொல்கிறேன். சான்டினோ மரெல்லா என்று ஒரு மல்யுத்தக்காரர். நிஜப் பெயர் ஆண்டனி கரெல்லி, கனடாக்காரர், ஜூடோ பழகியவர். 2007 ஏப்ரலில் இத்தாலியின் மிலான் நகரத்தில் நடந்த நிகழ்ச்சியில், பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒரு சாதாரண ஆளைக் கூப்பிடுவதுபோல் அவரை மேடையேற்றி, முதல் நாளிலேயே ஒரு பட்டத்தையும் வெல்ல வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் பிழைப்பே கோமாளி வேடம்தான். கையில் பாம்புத் தலை மாதிரி ஓர் உறையை மாட்டிக்கொண்டு எதிராளியைக் கொத்துவார். அரங்கமே அதற்காகக் காத்திருக்கும். அவ்வளவு சிரிக்க வைத்தவர் 2014-ல் கழுத்துக் காயத்தால் வளையத்தை விட்டு ஒதுங்க வேண்டி வந்தது. கோமாளியின் கழுத்தும் வில்லனின் கழுத்தும் ஒரே எலும்புதான். அவர் ஒதுங்கி வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கனடாவில் பயிற்சிக்கூடம் நடத்தி இளையவர்களுக்குக் கற்றுத் தந்தார்.

மல்யுத்த வளையம் பார்க்க மெத்தைபோல இருக்கும். கித்தான் துணிக்குக் கீழே மெல்லிய நுரை, அதற்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே இரும்புச் சட்டம். அங்கே விழக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசான் பக்கத்தில் நிற்க வேண்டும். மெத்தையும் கைப்பேசியும் ஆசான் ஆக முடியாது. நம் நாட்டில் 2014-ல் மலேசியா புரோ ரெஸ்லிங் என்ற அமைப்பு தொடங்கி, பயிற்சியும் போட்டிகளும் நடத்தத் தலைப்பட்டது. நோர் டயானா என்ற பெண் அங்கேதான் உருவானார். முகமூடியோடு வளையத்துக்குள் இறங்கியவர், 2018-ல் ஓர் ஆட்டத்தில் தோற்று முகமூடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதோடு ஓடி ஒளியவில்லை. தலையில் முக்காடு அணிந்து, ‘ஃபீனிக்ஸ்’ என்ற பெயரோடு, 2019-ல் நாலு ஆண்களை எதிர்த்து நின்று சாம்பியன் பட்டம் வென்றார். அப்போது வயது 19. ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டேதான் அவர் இதைச் செய்தார். உலகப் பத்திரிகைகள் தேடி வந்து எழுதின. கோலாலம்பூர் பண்டார் பாருவிலிருந்து தூரம்தான். ஆனால் பாரிட் புந்தாரில் ரயில் நிற்கிறது. கழுத்தைப் பணயம் வைப்பதைவிட ரயில் டிக்கெட் மலிவு என்று பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நகைச்சுவைப் பக்கத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் அதற்குப் பாதை போட்டவர்கள் இருக்கிறார்கள். ஜோ குகதாசும் நண்பர்களும் 1989-ல் இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டரைத் தொடங்கி, பெரிய மனிதர்களையே மேடையில் நையாண்டி செய்தார்கள். மலாய்த் தொலைக்காட்சியில் 2007-ல் ‘ராஜா லாவாக்’ வென்ற நபில், அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். ஹரித் இஸ்கந்தர் 2016-ல் பின்லாந்தில் நடந்த இறுதிச் சுற்றில் உலகின் மிகச் சிறந்த நகைச்சுவையாளர் என்ற பட்டத்தை வென்றார். கவின் ஜேயின் மேடைப் பேச்சு 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. தமிழில் விகடகவி மகேன் போன்றவர்கள் தொலைக்காட்சியிலிருந்து படம் வரைக்கும் போயிருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்து அதில் ஊறியவர்கள். நம் பையனுக்குத் தோட்டத் தமிழ் ரத்தத்தில் இருக்கிறது. மலாயும் சரளமாகப் பேசுகிறான். மூன்று மாநிலம் கூடும் சந்தையில் வளர்ந்தவனுக்கு இரண்டு மொழியில் சிரிக்க வைப்பது கஷ்டமல்ல. அந்த வசதி கோலாலம்பூர்ப் பிள்ளைகள் பலருக்கு இல்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் அவனிடம் சொல்லவில்லை. நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு நாடகம் போட்டவர். கிரேசி மோகன் கிண்டியில் பொறியியல் படித்து, நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேடைக்கு எழுதியவர். ரோபோ சங்கருக்கு அந்தப் பெயர் வந்ததே, உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு ஊர் ஊராக இயந்திர மனிதன் ஆட்டம் ஆடியதால்தான். அங்கிருந்து ‘கலக்கப் போவது யாரு’ மேடை, பிறகு சினிமா. வெள்ளித்திரையில் நாம் பார்த்தது அவர் உழைப்பின் கடைசிப் பகுதி. முதல் பகுதி திருவிழாப் புழுதியில் நடந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பையனைக் கண்டித்தேன். அன்று மாலை அவன் பேசியதில் இரண்டு இடம் எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பாக இருந்த ஓர் ஆட்டக்காரனை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தான். இன்னொருவனைத் திக்குவாய் மாதிரி பேசிக் காட்டினான். கூட்டம் சிரித்தது. ஆனால் கேலிக்கு ஆளானவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு ஷூ லேஸைக் கட்டினான், கட்டியிருந்த லேஸையே மறுபடியும் கட்டினான். நம் மேடைகளில் இந்தப் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. குண்டு, குட்டை, கறுப்பு, திக்குவாய் என்று சொன்னாலே சிரிப்பு வரும் என்று ஒரு தலைமுறையே பழகிவிட்டது. பெரட்டைப் பற்றிப் பேசியபோது மூதாட்டிகள் அத்தனை பேரும் சிரித்தார்களே, அதில் யாருடைய தலையும் குனியவில்லை. அதுதான் உன் கையில் இருக்கும் சொத்து, மற்றதை விட்டுவிடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அவன் என் கூட்டாளிதான் சார், இன்னைக்கே போய்ப் பேசிடறேன்” என்றான்.

கிளம்பும்போதுதான் கேட்டேன், இன்றைக்கு உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று. ஒரு பொன்னாடை, ஒரு பொட்டலம் பிரியாணி. மைக் செட்டுக்கு வாடகை கொடுத்தவர்கள், கோப்பைக்குப் பணம் கொடுத்தவர்கள், கூடாரத்துக்கு, குடிநீருக்கு, நடுவருக்கு எல்லாம் கொடுத்தவர்கள், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை நாற்காலிமேல் நின்று கூட்டத்தைக் கட்டி வைத்தவனுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. வீட்டு அலமாரியில் இப்படி பதினோரு பொன்னாடை இருப்பதாக அவன் அம்மா பிறகு சொன்னார். ‘கோமாளித்தனம் பண்ணி யாரு சோறு தின்னிருக்கா’ என்று அவர் கேட்டதன் பொருள் அந்த அலமாரியைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கேள்வி அவர் மகனுக்கு உரியதல்ல. நமக்கு, மைதானத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகும் நமக்கு உரியது.

அம்மா, உங்களுக்கு நான் எழுதும் பதில் இது. தம்பி இப்போதைக்குத் தொழிற்சாலை வேலையை விட வேண்டாம். சனி ஞாயிறு அவனுடையதாக இருக்கட்டும். மல்யுத்தம் வேண்டுமென்றால் ஆசானிடம் அனுப்புங்கள், மெத்தையில் பழகுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மேடைக் கலையை முறையாகப் படிக்க விரும்பினால் கோலாலம்பூரில் அஸ்வாரா என்ற கலைக்கல்லூரி இருக்கிறது. நாடகத்துக்கென்றே அங்கே படிப்பு உண்டு. சொந்தமாகத் தொழில் செய்வோருக்கு 2017-ல் வந்த சட்டத்தின் கீழ் சொக்சோ சமூகப் பாதுகாப்பு கலைத்துறைக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நிகழ்ச்சிக்குப் போகத் தொடங்கினால் முதல் வேலையாக அதில் பதிந்துகொள்ளட்டும். கழுத்து ஒன்றுதான் இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். செர்டாங்கிலோ கூலிமிலோ நிபோங் திபாலிலோ, எங்கே இருந்தாலும் சரி, கோயில் திருவிழாவுக்கோ பந்துப் போட்டிக்கோ நீங்கள் செயற்குழுவில் உட்காரும் நாள் வரும். செலவுப் பட்டியல் போடுவீர்கள். பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு, கோப்பை என்று வரிசையாக எழுதுவீர்கள். பொன்னாடை என்ற வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் ‘அறிவிப்பாளர் சம்பளம்’ என்று எழுதுங்கள். தொகையை முன்கூட்டியே அந்தப் பிள்ளையிடம் பேசி முடிவு செய்யுங்கள். நிகழ்ச்சி முடிந்த அன்றைக்கு இரவே, மைக்கை வாங்கி வைப்பதற்கு முன்னால், உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்